அறிவிப்பு வந்த பிறகு ஜாப் கார்டு எழுதலாமா?

கேள்வி:

கோவைக்குப் பக்கத்தில் 14 வருடமாகக் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். கடந்த நவம்பரில், 1,30,000 கிலோமீட்டர் ஓடிய ஒரு டீசல் கார் என்ஜின் ஹீட் ஆகிறது என்று வந்தது. என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து ஃபேஸிங் (அடிமுகத்தைச் சமமாக்குதல்) செய்து, கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, 18ஆம் தேதி வண்டியை ஒப்படைத்தேன். பில் 38,500 ரூபாய். 30,000 கொடுத்தார், மீதி பாக்கி. ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று அப்போதே சொன்னேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். டிசம்பர் 11 அன்று பழனி போகும் வழியில் என்ஜின் சீஸ் ஆகி, சுற்றாமல் இறுகி நின்றுவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்துவந்து என் இடத்தில் போட்டுவிட்டு, இலவசமாகச் செய்து தா என்றார், மறுத்தேன். வக்கீல் நோட்டீஸ் வந்தது, நான் பதில் போடவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. மார்ச் 5 அன்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கொடுத்த 30,000, கம்பெனி சர்வீஸ் சென்டர் தந்த எஸ்டிமேட் 1,42,000, மன உளைச்சலுக்கு 2,00,000, வழக்குச் செலவுக்கு 25,000 கேட்கிறார். ஆணையத்தில் கட்டணமே கட்டாமல் இவ்வளவு கேட்கிறாரே! அந்த வண்டியை அவர் வாடகைக்கு விடுவதாகவும் கேள்வி. எங்களிடம் ஜாப் கார்டு (வண்டியின் குறையையும் செய்யும் வேலையையும் எழுதி வாடிக்கையாளரிடம் கையொப்பம் வாங்கும் படிவம்) கிடையாது, டைரியில்தான் எழுதுவோம். டைரிப் பக்கத்தின் படம், பில், அவரோடு நடந்த வாட்ஸ்ஆப் உரையாடல், முறையீட்டின் நகல் எல்லாம் அனுப்பியிருக்கிறேன். இப்போது ஒரு ஜாப் கார்டு எழுதி வைத்துக்கொள்ளலாமா? பாக்கி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்து, நாளொன்றுக்கு 200 ரூபாய் பார்க்கிங் போடலாமா? முதல் விசாரணை ஏப்ரல் 21 என்று இருக்கிறது, அதுவரை நேரம் இருக்கிறதுதானே?

பதில்:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றில் தவறினால் உங்கள் தரப்பு பலவீனப்படும். இதில் தவறினால் உங்கள் தரப்பு என்ற ஒன்றே பதிவில் இராது. ஏப்ரல் 21 என்பது ஆணையம் வழக்கைக் கூப்பிடும் நாள் மட்டுமே. பதில் தாக்கல் செய்வதற்கான கெடு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி எதிர்தரப்பினர் 30 நாட்களுக்குள் தம் பதிலுரையைத் தர வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் மேலும் 15 நாட்கள் வரை நீட்டிக்கலாம், அதற்கு மேல் இல்லை. இதே காலவரம்பு 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இருந்தது. அது கட்டாயமானதா, ஆணையத்தின் விருப்பத்துக்கு உட்பட்டதா என்ற நெடுநாள் குழப்பத்தை, நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஹில்லி மல்டிபர்ப்பஸ் கோல்டு ஸ்டோரேஜ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச் 4 அன்று தீர்த்து வைத்தது. 45 நாட்களுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்றும், முறையீட்டு நகலுடன் அறிவிப்பு கையில் கிடைத்த நாளிலிருந்து கணக்கு ஓடும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முறையீட்டின் நகலை எனக்கு அனுப்பியிருப்பதால், அது அறிவிப்புடன் சேர்ந்தே வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். மார்ச் 5ஐ விட்டுவிட்டு எண்ணினால் 30ஆம் நாள் ஏப்ரல் 4, 45ஆம் நாள் ஏப்ரல் 19. விசாரணை நாளன்று நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, டைரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீங்கள் போய் நிற்கும்போது, பதிலுரை தாக்கல் செய்யும் உரிமை முடிந்து இரண்டு நாட்கள் ஆகியிருக்கும். அதன் பிறகு வாதத்தில் கலந்துகொள்ள முடிந்தாலும், நீங்கள் சொல்வதைத் தாங்கிப் பிடிக்க ஒரு தாளும் இருக்காது. அறிவிப்பில் அச்சிட்டிருக்கும் விசாரணைத் தேதியையே கெடு என்று எண்ணி ஏமாந்தவர்களை வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது என் அலுவலகத்தில் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தவறே செய்யாதவர்கள் என்பதுதான் வருத்தம். ஏப்ரல் 19ஐ மறந்துவிட்டு, ஏப்ரல் 4க்குள் தாக்கல் செய்வதாகவே திட்டமிடுங்கள். நீட்டிப்பு கேட்டால் கிடைக்கலாம், ஆனால் அதற்குத் தனியாக மனுப் போட்டுக் காரணம் சொல்ல வேண்டும். வேலை அதிகமாக இருந்தது என்பது காரணமாகாது.

போகாமலே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குள் ஓர் எண்ணம் இருப்பதைக் கடிதத்தின் தொனியில் காண்கிறேன். வக்கீல் நோட்டீஸை அப்படித்தான் விட்டிருக்கிறீர்கள். நீங்கள் வராவிட்டால், முறையீட்டாளர் தரும் சான்றுகளை மட்டும் வைத்து ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு எழுதப்படும். அந்தத் தீர்ப்பைத் தானே ரத்து செய்யும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் கூறிவிட்டது. புதிய சட்டத்தின் 40ஆம் பிரிவு தரும் மறுஆய்வும், ஏட்டில் பளிச்சென்று தெரியும் பிழைக்கு மட்டுமே. ஆகவே மாநில ஆணையத்துக்கு 45 நாட்களுக்குள் மேல்முறையீடு போவதுதான் வழி. அதற்குத் தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றாவிட்டால் 72ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையோ, 25,000 முதல் 1,00,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. இது பயமுறுத்தச் சொன்னதில்லை. வக்கீல் நோட்டீஸும் இதுவும் ஒன்றல்ல என்பதற்காகச் சொன்னது.

இனி ஜாப் கார்டு. எழுதாதீர்கள். நவம்பர் மாதத்துத் தேதியைப் போட்டு இப்போது ஒரு தாளை உண்டாக்கினால், அது பொய் ஆவணம். ஆணையத்தின் முன் நடப்பது நீதித்துறை நடவடிக்கையாகவே சட்டத்தால் கருதப்படுவதால், அதைத் தெரிந்தே தாக்கல் செய்வது குற்ற வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். குற்றம் என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வெறும் வழக்கு நோக்கில் பார்த்தாலும் அது முட்டாள்தனம். முறையீட்டாளர் கையொப்பம் இல்லாத ஜாப் கார்டு உங்களுக்கு எதையும் நிரூபித்துத் தராது. கையொப்பத்தையும் நீங்களே போடப் போவதில்லை என்று நம்புகிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உங்களிடம் கடந்த நவம்பரில் வண்டி விட்ட வேறு இரண்டு வாடிக்கையாளர்களை அழைத்து, உங்களுக்கு ஜாப் கார்டு கொடுத்தார்களா என்று கேட்பது. அத்துடன் உங்கள் டைரியின் மீதும் யாருக்கும் நம்பிக்கை இராது.

அந்த டைரிதான் உங்களிடம் இருக்கும் நல்ல ஆவணம். நீங்கள் அனுப்பிய பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நவம்பர் 16ஆம் தேதியில் ஐந்து வண்டிகள் எழுதியிருக்கின்றன, நான்காவதாக இந்த வண்டியின் எண், அதன் கீழே "ஹெட் லேத்து போச்சு", அடுத்து "ரேடி. அடைப்பு, சொன்னது, அப்பறம்னுட்டார்", ஓரத்தில் ஆயில் கறை. அதற்கு மேலும் கீழும் வேறு வண்டிகள், வேறு மையில், வேறு கையெழுத்தில். நடந்த அன்றே, வழக்கு வரும் என்று தெரியாத காலத்தில், தொழிலின் வழக்கப்படி எழுதப்பட்டது என்பதை அந்த அழுக்கே காட்டுகிறது. அச்சடித்த படிவம் இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம். டைரி முழுவதையும் அப்படியே பத்திரப்படுத்துங்கள். ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்கவோ, மங்கிய எழுத்தின் மேல் மறுபடி எழுதவோ கூடாது. சம்பந்தப்பட்ட பக்கங்களின் நகலைப் பதிலுரையுடன் இணைத்துவிட்டு, மூல டைரியை ஆணையம் கேட்கும்போது காட்டுவதாகச் சொல்லுங்கள். அந்த வரியை எழுதியவர் உங்கள் மெக்கானிக் என்றால், அவரும் ஒரு பிரமாண வாக்குமூலம் தர வேண்டும்.

வாட்ஸ்ஆப் உரையாடலில் நீங்கள் நினைக்கும் அளவுக்கு பலம் இல்லை. ரேடியேட்டரின் படத்தை அனுப்பி, "பாதி அடைப்பு, மாத்தினா நல்லது, 9,500 ஆகும்" என்று எழுதியிருக்கிறீர்கள். "அடுத்த மாசம் பாத்துக்கலாம் ப்ரோ" என்று அவர் பதில் போட்டிருக்கிறார். சொன்னீர்கள் என்பதற்கு இது சான்று. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சட்டம் சேவைக் குறைபாட்டில் சேர்க்கிறது. அந்தக் குற்றச்சாட்டிலிருந்து இது உங்களைக் காக்கும். ஆனால் "மாத்தினா நல்லது" என்பதும், "இதை மாற்றாமல் ஓட்டினால் இன்று போட்ட கேஸ்கெட்டும் போகும், என்ஜினும் போகும்" என்பதும் ஒன்றல்ல. வாடிக்கையாளருக்கு முதல் வாக்கியம் சீட் கவர் மாற்றச் சொன்னது போலத்தான் கேட்டிருக்கும். ஹீட் ஆகிறது என்று வந்த வண்டியை, ஹீட் ஆவதற்கான ஒரு காரணத்தை உள்ளே வைத்துக்கொண்டே வெளியே அனுப்பலாமா என்ற கேள்வி உங்களிடம் கேட்கப்படும். அதற்கு நேர்மையான பதிலை இப்போதே யோசித்து வையுங்கள். அன்று வாயால் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருந்தால், யார் உடனிருந்தார் என்பதோடு பதிலுரையில் எழுதுங்கள். சொல்லியிருக்காவிட்டால் சொன்னதாக எழுதாதீர்கள். அந்தப் போனை மாற்றவோ, ஃபார்மட் செய்யவோ வேண்டாம். உரையாடலை அச்செடுத்து, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழையும் சேர்த்துத் தாக்கல் செய்தால், அந்த வழியில் வரும் ஆட்சேபத்தை முன்கூட்டியே தடுத்துவிடலாம்.

உங்களுக்குச் சாதகமாக இருப்பதைச் சொல்கிறேன். சேவையில் குறைபாடு இருந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு முறையீட்டாளருடையது, எஸ்.ஜி.எஸ். இந்தியா எதிர் டால்பின் இன்டர்நேஷனல் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதிசெய்தது. அவர் முறையீட்டுடன் இணைத்திருக்கும் ஒரே தொழில்நுட்ப ஆவணம் சர்வீஸ் சென்டரின் எஸ்டிமேட். அதை வரி வரியாகப் படித்தேன். எதையெல்லாம் மாற்ற வேண்டும், எவ்வளவு ஆகும் என்று இருக்கிறதே ஒழிய, என்ஜின் ஏன் சீஸ் ஆனது என்று ஒரு சொல்லும் இல்லை. வண்டி உங்கள் இடத்தில் நிற்கும்போது, என்ஜினைத் திறக்காமல் கொடுத்த எஸ்டிமேட்டில் காரணம் இருக்கவும் முடியாது. பதிலுரையில் இந்த ஒரு விஷயத்துக்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள்.

ஆனால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஹெட் வேலை செய்து 23ஆம் நாள் என்ஜின் போயிருக்கிறது. மெக்கானிக் அல்லாத ஆணையத் தலைவரும் உறுப்பினர்களும் அந்த இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதை மாற்றக்கூடியது என்ஜினைத் திறந்து பார்க்கும் நடுநிலையான ஒருவரின் அறிக்கைதான். ஆகவே பதிலுரையோடு சேர்த்து, வல்லுநர் ஒருவரை நியமித்து இரு தரப்பு முன்னிலையிலும் என்ஜினைச் சோதிக்க உத்தரவிடும்படி ஒரு மனுவையும் போடுங்கள். அதுவரை நீங்களோ உங்கள் ஆட்களோ அந்த போனட்டின் கீழே ஒரு ஸ்பேனரைக்கூடக் கொண்டுபோகக் கூடாது. கூலண்டை வடிக்காதீர்கள், ஆயிலை மாற்றாதீர்கள், ஸ்டார்ட் ஆகிறதா என்று முயன்று பார்க்காதீர்கள்.

சோதனையில் என்ன தெரியும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். இருந்தாலும் எந்தக் கண்டுபிடிப்பு எந்தப் பக்கம் சாயும் என்று வழக்கின் பார்வையிலிருந்து சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் முழுக்க அடைத்து, ஹோஸ் வெடித்து, உள்ளே கூலண்டுக்குப் பதில் துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் இருந்தால், வண்டி ஹீட் ஆன பிறகும் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார் என்ற உங்கள் வாதத்துக்கு அது வலுச் சேர்க்கும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தபின் எவ்வளவு தூரம் ஓட்டினார் என்பதை அவரிடமிருந்து எழுத்தில் வரவழைக்க, கேள்விப் பட்டியல் ஒன்றைத் தாக்கல் செய்ய அனுமதி கேளுங்கள். மாறாக, ரேடியேட்டர் வழியாகத் தண்ணீர் ஓரளவு ஓடிக்கொண்டிருக்க, நீங்கள் போட்ட புதிய கேஸ்கெட் இரண்டு சிலிண்டருக்கு நடுவே ஊதியிருந்தால், ஆயில் பால் காப்பி நிறத்தில் கலங்கியிருந்தால், ஹெட்டின் முகம் சமமாக இல்லை என்று அளவு காட்டினால், வழக்கு உங்கள் பக்கம் நிற்காது. ஃபேஸிங் செய்தது லேத்காரர் என்று சொல்லித் தப்பவும் முடியாது. வாடிக்கையாளர் பணம் கொடுத்தது உங்களிடம்; வெளியே கொடுத்துச் செய்த வேலைக்கும் அவரிடம் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். எதற்கும் லேத் பில்லை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

உங்கள் பில்லில் ஒரு விஷயம் என் கண்ணில் உறுத்துகிறது. கேஸ்கெட் செட் இருக்கிறது, ஃபேஸிங் இருக்கிறது, ஆயில், ஃபில்டர், கூலண்ட் எல்லாம் இருக்கின்றன. ஹெட்டை என்ஜினோடு இறுக்கும் ஹெட் போல்ட் இல்லை. பழைய போல்ட்டுகளையே திரும்பப் போட்டீர்களா? சில என்ஜின்களில் ஒரு முறை முறுக்கிய போல்ட் நீண்டுவிடும் என்பதால், கழற்றினால் புதிதுதான் போட வேண்டும் என்று கம்பெனி மேனுவல் கட்டாயமாகச் சொல்லும். சிலவற்றில் நீளத்தை அளந்து, வரம்புக்குள் இருந்தால் மறுபடி பயன்படுத்தலாம். இந்த மாடலுக்கு எது விதி என்று மேனுவலின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்துப் பாருங்கள். அளந்து போட்டிருந்தால் அளந்ததைச் சொல்லுங்கள், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் எத்தனை கட்டமாக முறுக்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். புதிது போட வேண்டிய இடத்தில் பழையதைப் போட்டிருந்தால், நான் கீழே சமரசத்தைப் பற்றி எழுதியிருப்பதை இரண்டு முறை படியுங்கள். எதிர்த்தரப்பு இன்னும் இதைக் கவனிக்கவில்லை. வல்லுநர் வந்தால் முதலில் கேட்பது இதைத்தான்.

பதிலுரையை எழுதும் முறை பற்றி. முறையீட்டில் உள்ள ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டுத் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். வண்டி வந்தது, 38,500க்கு வேலை செய்தது, 30,000 வாங்கியது, டிசம்பர் 11க்குப் பிறகு வண்டி உங்களிடம் நிற்பது ஆகியவற்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். உண்மை என்று தெரிந்ததை ஒப்புக்கொள்ளும் பதிலுரைக்குத்தான், மறுக்கும் இடத்தில் எடை இருக்கும். முழுவதையும் மறுக்கிறோம் என்று ஒற்றை வரியில் எழுதுவதும், பணம் பறிக்கும் நோக்கில் போட்ட பொய் வழக்கு என்று பக்கம் பக்கமாகத் திட்டுவதும் வக்கீல்களாகிய எங்களுக்கே உள்ள கெட்ட பழக்கம். அதனால் ஒரு வழக்கும் வென்றதில்லை. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் போடாததை அவர் ஒரு பத்தியில் குறிப்பிட்டிருக்கிறார். பதில் போடாததாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது, ஆனால் மௌனம் உங்களுக்கு எதிராகப் பேசும் என்பதால், ஏன் போடவில்லை என்ற உண்மையான காரணத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். பில்லின் அடியில் "வேலைக்கு கியாரண்டி இல்லை" என்று அச்சிட்டிருப்பதைப் பெரிய ஆயுதமாக எடுக்க வேண்டாம். குறைபாடுள்ள வேலைக்கான பொறுப்பிலிருந்து அந்த வரி உங்களை விடுவிக்காது. வழக்கு பெரும்பாலும் பிரமாண வாக்குமூலங்களையும் ஆவணங்களையும் வைத்தே முடிவாகும். ஆகவே நேரில் விளக்கிவிடலாம் என்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள். வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நீங்களே நேரில் நடத்தலாம்; இதைச் சொல்வதில் எனக்கு வருமான நஷ்டம்தான். இருந்தாலும் பதிலுரையை மட்டுமாவது நுகர்வோர் வழக்கு பார்க்கும் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது நல்லது.

கட்டணமே கட்டாமல் நான்கு லட்சம் கேட்கிறாரே என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானதாகத் தோன்றலாம். கட்டணமும் ஆணையத்தின் வரம்பும், கேட்கும் இழப்பீட்டை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்தே கணக்கிடப்படுகின்றன. அது ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். அவர் கேட்டிருக்கும் 3,97,000 ரூபாயும் கேட்டதாலேயே கிடைத்துவிடாது. ஒவ்வொரு தொகைக்கும் அவர் கணக்குக் காட்ட வேண்டும். ஹெட் வேலைக்குக் கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்டு, அதே ஹெட் வேலை உள்ளடங்கிய முழு என்ஜின் எஸ்டிமேட்டையும் கேட்பது ஒரே செலவை இரண்டு முறை கேட்பதாகும். இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

வாடகைக்கு விடும் வண்டி, அதனால் அவர் நுகர்வோரே அல்ல என்ற வாதம் ஒர்க்‌ஷாப் வட்டாரத்தில் யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று நினைக்கிறேன். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. "கேள்வி" என்பது சான்று ஆகாது. அப்படியே நிரூபித்தாலும், சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே ஓட்டுகிறேன் என்று அவர் நிரூபித்தால், ஆணையம் அவரை நுகர்வோராகவே ஏற்க வாய்ப்பிருக்கிறது. கையில் விளம்பரமோ ரசீதோ இருந்தால் ஒரு பத்தி எழுதுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வண்டியைப் பிடித்து வைப்பது பற்றி உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உழைப்பும் திறமையும் செலுத்தி வேலை செய்தவர், அதற்கான கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு சொல்கிறது. நவம்பர் 18 அன்று சாவியைக் கொடுக்காமல் வைத்திருந்தால் அந்த உரிமை உங்களுக்கு முழுமையாக இருந்தது. பாக்கி 8,500ஐ வைத்துக்கொண்டே வண்டியை அனுப்பிய நிமிடத்தில் அது போய்விட்டது. டிசம்பரில் வண்டி திரும்பி வந்தபின் நீங்கள் அதில் எந்த வேலையும் செய்யவில்லை. பழைய பாக்கிக்காகப் பின்னால் கைக்கு வரும் எந்தப் பொருளையும் பிடித்து வைக்கும் பொது உரிமையை, தனியாக ஒப்பந்தம் இல்லாத நிலையில், 171ஆம் பிரிவு வங்கியாளர் போன்ற சிலருக்கு மட்டுமே தருகிறது. மெக்கானிக் அந்தப் பட்டியலில் இல்லை. பார்க்கிங் வாடகைக்கு அவர் ஒப்புக்கொண்டதாக எந்த எழுத்தும் இல்லை. 8,500க்காக ஆணையத்திலேயே எதிர்க்கோரிக்கை வைக்கவும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழியில்லை. வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் தனியாக வழக்குப் போட வேண்டும்.

ஆகவே இந்த வாரமே முறையீட்டாளருக்கும் அவருடைய வக்கீலுக்கும் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வண்டியை நான் தடுத்து வைக்கவில்லை, இருவர் முன்னிலையிலும் சோதனை முடிந்ததும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம், அதற்கு நான் ஒத்துழைக்கிறேன் என்று எழுதுங்கள். நான்கு புறமும், ஓடோமீட்டரும், போனட்டைத் திறந்தால் தெரிவதும் தேதியுடன் படமெடுத்து வையுங்கள். அதுவரை அது உங்கள் சொந்த வண்டியாக இருந்தால் எப்படிப் பார்த்துக்கொள்வீர்களோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. மார்ச் வெயிலில் வெட்டவெளியில் நிறுத்தாமல் ஷெட்டுக்குள் தள்ளி விடுங்கள். எலி ஒயரைக் கடித்தால் அதுவும் புதிய புகாராக வரும்.

சமரசம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, தீர்வுக்கு இடமிருப்பதாகத் தோன்றினால், ஆணையமே முதல் விசாரணையிலோ பிற்பாடோ சமரச மையத்துக்கு அனுப்பலாமா என்று இரு தரப்பையும் கேட்கும். ஐந்து நாட்களுக்குள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் சம்மதிப்பேன். பதிலுரையைத் தாக்கல் செய்யாமல் சமரசத்துக்குக் காத்திருப்பது மட்டும் கூடாது. பேச்சு முறிந்தால் கெடுவும் போயிருக்கும். என்ன கொடுக்கலாம் என்பது நீங்கள் போட்ட போல்ட்டைப் பொறுத்தது. மேனுவலுக்கு மாறாகப் பழையதைப் போட்டிருந்தால், வல்லுநர் கட்டணமும் வழக்குச் செலவும் ஏறுவதற்கு முன்பே, என்ஜின் வேலையை உங்கள் கூலி இல்லாமல் செய்து தந்து, ஸ்பேர் செலவின் பெரும்பகுதியையும் ஏற்பதாகச் சொல்வது உங்களுக்குத்தான் மலிவு. வேலை சரியாக நடந்திருந்து, ரேடியேட்டர்தான் காரணம் என்று நீங்கள் உறுதியாக இருந்தால், கூலியை மட்டும் விட்டுக்கொடுத்து, ஸ்பேரும் ரேடியேட்டரும் அவர் செலவு என்பதில் நில்லுங்கள். 14 வருடம் தொழில் நடத்துகிறவருக்கு இந்த இரண்டில் எது உண்மை என்பது வல்லுநர் வருவதற்கு முன்பே உள்ளுக்குள் தெரிந்திருக்கும்.

முடிவு எதுவானாலும் டீக்கடையில் பேசி, ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு, வழக்கை வாபஸ் வாங்கிவிடுவார் என்று வீட்டுக்குப் போகாதீர்கள். யார் எந்த வேலையை எந்தத் தேதிக்குள் முடிப்பது, எந்தக் கம்பெனி ஸ்பேர், வண்டியை என்று எடுத்துக்கொள்வது, 8,500 பாக்கி என்ன ஆனது, இனி ஒருவர் மீது ஒருவருக்கு இந்த வண்டி சம்பந்தமாகக் கோரிக்கை இல்லை என்பதெல்லாம் இருவரும் கையொப்பமிட்ட சமரச மனுவில் இருக்க வேண்டும். அதை ஆணையத்தில் தாக்கல் செய்து உத்தரவாகப் பதிவு செய்த பிறகு, பணத்தை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். அந்த வேலைக்கு வண்டி மறுபடி உள்ளே வரும் நாளில், ஒரு ஜாப் கார்டு எழுதி அவர் கையொப்பத்தை வாங்குங்கள், அன்றைய தேதியில்.